சுமினா

கேம் மட்டும் திறக்கவில்லை.

சொடுக்கினால் திரை ஒரு நொடி கறுக்கிறது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலப் பழைய இடத்துக்கு வந்து நின்றுவிடுகிறது. கல்லுளிமங்கன்கூட இதைவிட ஒழுங்காகப் பதில் சொல்வான் என்று கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் போவாடிக்குத் தோன்றியது.

மேசைக்கு எதிரில் செர்வா உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் துணி, தலையில் சிவப்புக் கட்டு. கானாவின் குமாசி நகரில் அந்தத் துக்க உடுப்பைப் பார்த்தபிறகு யாரும் எதுவும் கேட்பதில்லை. வந்ததும் அவளே சொல்லிவிட்டாள். மகன், பதினாறு வயது, காய்ச்சல்.

பையனைப் போவாடிக்கு நினைவிருந்தது. போன வருஷம் இதே கம்ப்யூட்டரை ட்ரோட்ரோ என்கிற ஷேர் வேனில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன். வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். “நீங்க கை வெச்சதும் ஓடுது மாஸ்டர், அதுக்கும் உங்க மூஞ்சியக் கண்டா பயம்போல” என்று சொல்லிவிட்டுப் போனான். அவனைச் சின்ன மாஸ்டர் என்றே கூப்பிட்டதில் போவாடி பேரைக் கேட்காமலே விட்டுவிட்டான்.

“அதுக்குள்ள ஒரு ஊர் கட்டி வெச்சிருக்கான் மாஸ்டர்” என்றாள் செர்வா. “ஒரு தடவ பார்த்தா போதும். அப்புறம் இந்தப் பொட்டி எனக்கெதுக்கு.”

ஊர் கட்டுகிற கேம்தான் அது. வருஷக்கணக்காகக் கட்டினானாம். சந்தை, தேவாலயம், ஒரு பாலம். அம்மாவுக்கு மாடி வீடு. அதை ஒட்டி மூன்று குட்டி வீடுகள். அதெல்லாம் யாருக்கு என்று கேட்டால் சிரிப்பானாம், சொல்ல மாட்டானாம். படம் என்று அவளிடம் மிஞ்சியது பள்ளிக்கூட அட்டையில் இருப்பது ஒன்றுதான். அதில் அவன் முறைத்துக்கொண்டிருக்கிறான்.

போவாடி அணைத்துப் போட்டுப் பார்த்தான். திரைக்கான மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தான். கேம் கேட்கிற உதிரிக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். எதற்கும் மசியவில்லை.

பக்கத்துக் கடை அன்சா தலையை நீட்டினான். “என்ன மாஸ்டர், நோயாளி பொழைக்குமா, சொந்தக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடலாமா?” என்றவன், கறுப்புத் துணியைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டான். செர்வாவின் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் பிடிபட்டது. டிஸ்க் நிரம்பி வழிந்தது. கேம் மூச்சு விடக்கூட இடமில்லை.

இடம் பண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆனால் போவாடி நிதானமானவன். அழிப்பதற்கு முன் கேட்டான்.

“பையன் பேர் என்னம்மா? அந்தப் பேர்ல இருக்கறதுல நான் கை வைக்க மாட்டேன்.”

செர்வா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். “குவாஜோ” என்றாள்.

அந்த ஊரில் திங்கட்கிழமை பிறந்த எந்த ஆணுக்கும் உள்ள பேர்தான். அவளோ புதுச் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல அதை மெல்லச் சொன்னாள்.

குவாஜோ என்று தேடினான். எதுவும் இல்லை. அப்படியானால் ஊர் கேமுக்குள்ளேயே பத்திரமாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

டிஸ்க்கை அடைத்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். பேர் சுமினா. பார்த்ததும் போவாடிக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

பழுதுக்கு வருகிற எந்தக் கம்ப்யூட்டரிலும் அவன் முதலில் செய்வது சுமினா என்று ஒரு ஃபோல்டர் தொடங்குவதுதான். சுமினா என்றால் அவர்கள் பாஷையில் குப்பைமேடு; பேருக்கேற்றபடி அது அவனுடைய குப்பைமேடு. வேண்டாததையெல்லாம் அதில் தள்ளிவிட்டுக் கடைசியில் மொத்தமாக அழிப்பான். யார் தலைகீழாக நின்றாலும் மீட்க முடியாதபடி அழிப்பான். வாடிக்கையாளரின் படங்களைத் தோண்டி எடுத்து ரசிக்கிற கடைகளும் உண்டு என்பதால் அவனுக்கு அது மானப் பிரச்சினை. போன வருஷம் மறந்து அப்படியே விட்டிருக்கிறேன், வெட்கக்கேடு என்று நினைத்தான்.

திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் குப்பையை யார் கிளறிப் பார்ப்பார்கள்?

அழித்தான். கேம் திறந்துகொண்டது.

இசை வந்தது. செர்வா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். யார் வீட்டுக்குள்ளோ நுழையப்போகிறவள்போலத் தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டாள்.

திரையில் வெறும் புல்வெளி. புது ஊர் தொடங்கலாமா என்று அது கேட்டது.

போவாடி உள்ளே போனான், வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான். “எந்தப் பேர்லம்மா வெச்சிருந்தான்?”

“அவன் பேர்லதான்.”

“குவாஜோன்னு ஒண்ணுமே இல்லையே.”

“அது பொறந்த நாள் பேரு. ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்ல” என்றாள். “அவனுக்கு முன்னாடி மூணு. மூணும் தங்கல. நல்ல பேரச் சொன்னா சாவு காதுல விழுந்துடும்னு மறைச்சே வெச்சிருந்தேன். இனிமே யாருக்குப் பயந்து மறைக்கணும்? அதான் இன்னிக்கு வாய் விட்டுச் சொன்னேன்.”

அந்த வழக்கம் போவாடிக்குத் தெரியாததில்லை. அவனுடைய சொந்தத் தாய்மாமன் ஒருவரையும் அப்படித்தான் மட்டமான பேர் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டுக் காப்பாற்றினார்கள். இருந்தாலும் கேட்டான். வேறு ஏதாவது சொல்லிவிட மாட்டாளா என்று கேட்டான்.

“அப்போ என்னன்னு கூப்பிட்டீங்க?”

“சுமினான்னு” என்றாள் செர்வா. “குப்பைய யாரு தூக்கிட்டுப் போவா, நீயே சொல்லு.”

ஊர் வரட்டும் என்று அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.