விசேஷத்துக்கு ஒரு ஜீன்ஸ்

கட்டிலில் மூன்று ஜீன்ஸ். மூன்றும் ஆகாது.

சாம்பல் நிறம் வேலைக்கு. பைக் ஒர்க்‌ஷாப்பில் முட்டி போட்டு முட்டி போட்டு கிரீஸ் ஏறிக் கிடக்கிறது. கழற்றி வைத்தால் தானாக நிற்கும்.

முழங்கால் கிழிந்தது நண்பர்களோடு சுற்றுவதற்கு. அதைப் போட்டுக்கொண்டு போய் நின்றால் பெரியப்பாவே ஊசி நூலோடு வந்துவிடுவார்.

கறுப்பு நல்ல ஜீன்ஸ்தான். பேங்க், இன்டர்வியூ, வீடு கேட்டுப் போகிற நாள், எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் நல்ல காரியத்துக்குக் கறுப்பா? அந்தப் பேச்சையும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். வாங்குவதற்கு ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தங்கை மாரிச்செல்விக்கு நிச்சயதார்த்தம்.

மூன்று வருடம் கழித்து அம்மா போன் செய்திருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒரு பட்டுப் பொடவ எடுத்து வச்சிருக்கேன். கெட்டுறதா இருந்தா வா. இல்லன்னா அங்கனயே கெட."

வைத்துவிட்டாள்.

மகள் என்றுதான் வளர்த்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பத்தொன்பது வயதில் பின்னலை வெட்டிப் போட்டுவிட்டு, நான் ஆம்பளம்மா என்று அவன் வந்து நின்ற அன்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் அவன் கோயம்புத்தூர் பஸ் ஏறினான்.

இப்போது போகத்தான் போகிறான். தங்கச்சி நிச்சயத்துக்குப் போகாமல் வேறு எதற்குப் போவதாம்?

புடவை மட்டும் கட்ட மாட்டான்.

ஜவுளிக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். லேடீஸ் மாடியில் என்றார்.

"எனக்கு ஜென்ட்ஸ்தான் வேணும்."

அவன் அசையவில்லை. கடைக்காரர்தான் நகர்ந்து அலமாரியைத் திறந்தார்.

கருநீலம். எங்கும் வெளுப்பு கூடாது, கிழிசல் கூடாது. தொடையைப் பிடிக்கக் கூடாது. பிடித்தால் இடுப்பைக் காட்டிக்கொடுக்கும். நேராக இறங்க வேண்டும். மேலே வெள்ளைச் சட்டை, இன் பண்ணாமல். கை முழங்கை வரை மடித்து. ஷூவைப் பற்றிக் கவலை இல்லை. வீட்டு விசேஷம், வாசலிலேயே கழற்றிவிட வேண்டியதுதான்.

ஏழு போட்டுக் கழற்றினான். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். விடட்டும்.

எட்டாவது இடுப்பில் உட்கார்ந்தது.

கண்ணாடியில் மாரிச்செல்வியின் அண்ணன் நின்றான்.

நீளம்தான் நாலு விரல் கூடுதல். ஓரத்தில் மெஷின் போட்டிருந்த தையல்காரர் சாக்பீஸால் கோடு இழுத்தார். உள்ளே மடித்து அடிக்கவா, வெட்டிவிடவா என்று கேட்டார். வெட்டினால் ரிட்டர்ன் எடுக்க மாட்டார்களாம்.

"வெட்டிருங்கண்ணே."

சனிக்கிழமை சாயங்காலம் கோவில்பட்டி வீட்டில் அம்மா கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. தட்டில் சோறு போட்டாள். இரண்டாவது தடவையும் கேட்காமலே போட்டாள்.

உள்ளறைக் கட்டிலில் அரக்குப் புடவை எடுத்து வைத்திருந்தது.

அவன் பையிலிருந்து ஜீன்ஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

அம்மா பார்த்தாள். அவனும் பார்த்தான். இந்தப் பிடிவாதம் அவனுக்கு வேறு யாரிடமிருந்து வந்திருக்கும்?

காலையில் குளித்துவிட்டு வந்தால் கட்டில் காலி.

ஜீன்ஸைக் காணோம். பையில் இல்லை. பீரோவில் இல்லை. கொடியில் இல்லை.

ஒளித்து வைத்துவிட்டால் ஆயிற்றா? இந்தக் கைலியோடே வாசலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வாங்க என்று கூப்பிடுவான். அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அடுப்படிக்குப் போனான்.

அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. அரக்குப் புடவை. கடை மடிப்புகூட இன்னும் கலையவில்லை.

அவனுக்கு எடுத்த புடவை.

அவன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

அம்மா திரும்பவில்லை. கரண்டியை மட்டும் தூக்கி சாமி படங்கள் இருந்த அலமாரியைக் காட்டினாள்.

முருகன் படத்துக்குக் கீழே, மாரிச்செல்வியின் பட்டுக்குப் பக்கத்தில், நாலாக மடித்த ஜீன்ஸ். இடுப்புப் பட்டியின் ஓரத்தில் மஞ்சள். இப்போதுதான் குழைத்து வைத்திருக்கிறாள்.

"புதுத்துணிய மஞ்ச வைக்காம அப்டியே மாட்டிட்டுப் போயிருவியோ? ஏலே, எடுத்துப் போடு. ஆளுக வர்ற நேரமாச்சு."

வெள்ளைச் சட்டையில் ஒட்டும் என்று தெரியும்.

மஞ்சள் காயும்வரை அவன் காத்திருக்கவில்லை.