இரண்டாம் எண் கூண்டு

கெர்ரி மலைப்பக்கம் மழை விட்டு, நாய்ப் பந்தயத் திடலின் ஈர மணலில் சாயங்கால வெயில் பட்டுக் கண் கூசுகிறது. நீலச் சட்டை மாட்டிய நாய் பிரைடியை, ஓட்டம் தொடங்கும் இரண்டாம் எண் கூண்டுக்குள் தள்ளிக் கதவடைக்கிறார்கள். வேலியோரம் நிற்கும் ஊனா கையுறையைக் கடிக்கிறாள். “வெளி ஓரமாவே ஓடிப் பழகுன நாய்டா. உன் பேச்சைக் கேட்டுத்தான் உள் ஓரக் கூண்டுல போடச் சொன்னேன்.” தம்பி கோர்மக் மடிக்கணினியிலிருந்து நிமிரவில்லை. “இந்தத் திடல்ல ரெண்டாம் கூண்டு நாய்ங்கதான் வேகம். எத்தனை பந்தயத்தோட நேரத்தைக் கணக்குப் போட்டிருக்கேன்! சும்மா நச்சரிக்காதே.” “போன வாரம் ஒரு நாய் முதல் வளைவுல மோதி விழுந்து கால் ஒடிஞ்சுதே, ஊசி போட்டுக் கொன்னாங்களே, அதுவும் ரெண்டாம் கூண்டுதான். அது உன் கணக்குல இருக்கா, மேதாவி?” கோர்மக்கின் விரல் திரையில் தேடுகிறது. அந்த நாய் இல்லை. ஓட்டத்தை முடிக்காத நாய்க்கு நேரம் குறிப்பதில்லை. நேரம் இல்லாத வரிகளையெல்லாம் கணக்குக்கு உதவாதென்று அவனே அழித்திருக்கிறான். திரையில் மிஞ்சியிருப்பவை விழாத நாய்கள் மட்டும். எத்தனை வரிகளை அழித்தோம் என்று யோசிக்கிறான், நினைவுக்கு வரவில்லை. “அக்கா...” நாய்கள் துரத்துவதற்கான பொம்மை முயல் தண்டவாளத்தில் கிறீச்சிட்டபடி நெருங்குகிறது. கூண்டுகளுக்குள் ஊளை எழுகிறது. “என்னடா? சொல்லித் தொலை!” கூண்டுகள் திறக்கின்றன. எல்லா நாய்களுக்கும் முன்னால் பிரைடி பாய்கிறது, அவன் சொன்ன அதே வேகத்தில். வளைவு வருகிறது. பிரைடி தனக்குப் பழகிய வெளி ஓரத்தை நோக்கித் திரும்புகிறது, வெளிப்பக்கமாகப் பின்னால் வரும் நான்கு நாய்களுக்கும் குறுக்கே.