கதவோரம் நிற்கிறவள்

காலை வெயில் சன்னல் வழியே சாய்ந்து இறங்கி, ஆஸ்பத்திரி பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களில் கிடக்கிறது. இங்கே டோக்கன் கிடையாது. வருகிறவர்கள் "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு, கை தூக்குகிற முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பெர்மெத் மட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து குதிகால்வரை நெருப்பு இறங்கும். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த நாரின் ஊருக்கு வரும் முதுகெலும்பு டாக்டருக்காக மூன்று மாதம் பல்லைக் கடித்தவள், கம்பளிச் சால்வையை இடுப்பில் இறுகக் கட்டி, டாக்டர் அறையின் கதவு நிலையில் தோளைச் சாய்த்து நிற்கிறாள். குனிய முடியாத அவள் செருப்புக்கு, தரை அழுக்காகாமல் இருக்க எல்லோரும் போடும் நீல பிளாஸ்டிக் உறையைப் பக்கத்துப் பெண்தான் மாட்டிவிட்டாள். கக்கத்தில் எக்ஸ்ரே உறை வியர்வையில் நெளிகிறது. அடுத்தது அவள்தான். தோல் ஜாக்கெட்டும் தங்கப் பல்லுமாக ஒருவன் நேரே கதவுக்கு வருகிறான்.

"வழி விடுங்க அக்கா. ஒரே ஒரு கேள்வி, கேட்டுட்டு வந்துடுறேன்."

"எனக்கும் ஒரே கேள்விதான் தம்பி. மூணு மாசமா வச்சிருக்கேன்."

பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள்.

"நிக்கவே முடியல உங்களுக்கு. அப்படிப் போய் உக்காருங்களேன்."

"உக்கார முடிஞ்சா நான் எதுக்குடா இங்க வரேன்?"

அவள் முழங்கால் வெடவெடக்கிறது. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கிறது. நிலையில் சாய்ந்த தோள் மட்டும் அசையவில்லை. அவன் அந்த முழங்காலைப் பார்க்கிறான், அவள் கண்ணைப் பார்க்கிறான், பிறகு மெல்ல பெஞ்சுப் பக்கம் திரும்புகிறான்.

"கடைசி ஆள் யாரு?"