எழுபதுக்குக் கீழே

"என்ன யோகராசா, வேப்பமர நிழல் காருக்கு ஒத்துக்கொள்ளேல்லையோ?"

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார் பக்கத்து வீட்டு யோசேப். ஏழரை வருடமாக வீட்டில் நின்றால் நிழலில் மட்டுமே நின்ற மின்சாரக் கார், உச்சி வெயிலில் நடுமுற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. காலியான நிழலில் இரண்டு கழுதைகள் சொகுசாகப் படுத்திருந்தன.

"பற்றரியைச் சாக்காட்டுறன், அண்ணை," என்றார் யோகராசா பெருமையாக.

"அடப்பாவி! பற்றரி பழுதாகும் எண்டு என்ரை மகளின்ரை கலியாணத்துக்குக்கூடக் காரைத் தரேல்லையே நீ!"

"அது அப்ப. எட்டு வருஷ வாரண்டி முடிய இன்னும் ஆறு மாசம்தான் கிடக்கு. பற்றரியின்ரை வலு எழுபது வீதத்துக்குக் கீழை இறங்கினால் கொம்பனி புதுசு சும்மா மாத்தித் தரும். இது எழுபத்து நாலிலை இடிச்ச புளி மாதிரி இருக்குது."

வளர்த்த விதம் அப்படி. ஏசி போட்டதில்லை, ஐம்பதுக்கு மேல் ஓட விட்டதில்லை. வாரண்டிப் புத்தகத்தைச் சந்தனம், குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் பூப்போட்டு வந்தார். திறந்து வாசித்தால் தீட்டுப்பட்டுவிடுமே!

அவர் மனைவி சுபத்திரா தீவுக்கு வெளியே, தூரத்துக் கொண்டச்சியில் ஆசிரியை. அந்தக் காரில்தான் போய்வருகிறாள். எழுபத்து நாலு வீதத்தில் ஒரே சார்ஜில் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்துவிடலாம். அதற்கும் குறைந்தால் தீவுக்குள் நுழையும் பாலத்தடியிலேயே நிற்க வேண்டியதுதான். பஸ் என்றால் விடிய ஐந்து மணிக்கே பிடிக்க வேண்டும். பென்ஷனுக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது.

"இருக்கிறதையும் கெடுத்துப்போடாதேங்கோ," என்றாள் அவள். "அந்தப் புத்தகத்தை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்."

"ரீச்சருக்கு எதெண்டாலும் வாசிக்க வேணும்! புதுப் பற்றரி வரட்டும், நீர் ரெண்டுதரம் கொண்டச்சி போய் வரலாம்."

அன்றிலிருந்து யோகராசா அந்தப் பற்றரியைப் படுத்தாத பாடில்லை. முழுக்கச் சார்ஜ் ஏற்றி வெயிலில் விட்டார். ஆளில்லாத காருக்குள் ஏசியைப் போட்டு, உயிர் போகுமட்டும் ஓடவிட்டார். எழுபத்திரண்டு ஆனபோது சுபத்திரா பாலத்தடியில் நின்றுபோய், ஓட்டோவில் வந்து இறங்கினாள்.

"கொஞ்சம் பொறும் சுபா, நல்லாத்தான் இறங்குது," என்று ஆறுதல் சொன்னார் கணவர்.

வாரண்டி முடிய நாலு நாள் இருக்கையில் அறுபத்தொன்பது வந்தது. யோகராசா பிள்ளையாருக்கு மூன்று தேங்காய் உடைத்தார். கொம்பனியிலிருந்து வந்த சஜீவன் மடிக்கணினியைப் பொருத்திப் பார்த்தான்.

"ஓம் ஐயா, வாரண்டிக்குள்ளை வருது," என்று சொல்லிக் காரை லொறியில் ஏற்றிப் போனான்.

"என்ன மூளையடா உனக்கு!" என்று யோசேப்பே வாயைப் பிளந்தார். யோகராசாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு கிழமை கழித்துக் கார் திரும்பி வந்தது. மாலையும் கையுமாக ஓடினார் யோகராசா. சுபத்திரா சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"தம்பி, புதுப் பற்றரி நூறு வீதம்தானே?"

"புதுசோ? ஆர் ஐயா சொன்னது?" என்றான் சஜீவன். "பழுதான ரெண்டு செல்லை மட்டும் மாத்தினனாங்கள். எழுபதுக்குக் கீழை விழுந்தால் திருப்பி எழுபதுக்குக் கொண்டுவந்து தாறதுதான் வாரண்டி. புத்தகத்திலை நாலாம் பக்கத்திலையே கிடக்கு."

யோகராசாவின் கையிலிருந்த மாலை தொங்கியது. "அப்ப... இப்ப எவ்வளவு?"

"சரியா எழுபது. வாரண்டியும் போன கிழமையோடை முடிஞ்சுது. இனியெண்டாலும் காரை நிழலிலை விடுங்கோ, ஐயா."

சுபத்திரா காரை விட்டு இறங்கி, திறப்பைக் கணவரின் கையில் வைத்தாள்.

"இனி எனக்கு ஒவ்வொரு நாளும் அஞ்சு மணிப் பஸ்தான். நாலு மணிக்கு எழும்பி எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தாறது நீங்கள். நான் பென்ஷன் எடுக்குமட்டும், நாலு வருஷத்துக்கு, இதுக்கு வாரண்டி."