மாலை போடாத படம்

அப்பாவின் முகம் ஹங்கேரியில் கிடைத்தது.

நான் தேடவேயில்லை. நாளைய பேப்பரில் நினைவஞ்சலி போடுவதற்காக, எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சுவரில் தொங்கும் அவருடைய படத்தைப் போனில் எடுத்தேன். விரல் எங்கேயோ பட்டது. போன் அதே முகத்தை இணையத்தில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நீட்டியது.

மிக்லோஸ் பிரபு. ஓவியர், பாராளுமன்ற உறுப்பினர். கண்ணாடி பார்த்துத் தன்னைத் தானே வரைந்த படமாம். ஆள் செத்து நூற்றிமுப்பது வருஷம்.

கடவுளே! ஒவ்வொரு பள்ளிக்கூடச் சோதனைக்கும் “போயிட்டு வாறன் அப்பா” என்று நான் சொன்னது இந்த மனுசனிடமா?

எனக்கு இரண்டு வயதில், கொட்டாஞ்சேனை லொட்ஜில் வைத்து அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள்; பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊரில் வீடு எரிந்தபோது போட்டோ அல்பங்களும் போயின. எனக்கு மிச்சம் இந்த முகம்தான். படத்தில் அந்தக் கோட்டும் சாயப்பூச்சும் ஏதென்று கேட்டால், ஸ்டூடியோக்காரன் போட்டுவிட்டது என்பார் அம்மா.

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, கரைச்சல் கொடுத்து அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். நாளைக்கு முதல் திவசம். படத்துக்கு முதல் மாலை பிரிட்ஜுக்குள் இருந்தது.

அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று, பிரபுவின் கதையை உரக்க வாசித்தேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளையெல்லாம் உட்காரவைத்துப் படம் கீறியிருக்கிறார். சபையில் அரசனுக்கு எதிராகப் பேசியிருக்கிறார். ஒரு விடியற்காலை வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பின்னேரக் கடற்காற்றில் கண் சொருகியது. பிரபுவின் குதிரை கரையோரமாக நடந்து வந்தது. தண்டவாளத்தில் கோச்சி கடந்து போனபிறகும் குளம்புச் சத்தம் கேட்டது. மேலே இருந்தவர் அவரா, அப்பாவா என்று எனக்கே பிடிபடவில்லை. அம்மாவின் குரலில் விழித்தேன்.

“நடைபாதையில வாங்கினது, உஷா. அப்பா எப்பிடி இருப்பாரெண்டு கேட்டுக் கேட்டு அழுதனீ. இவற்ற கண் அவற்ற கண் மாதிரியே இருந்தது.”

அம்மா வெங்காயம் உரித்தபடியேதான் சொன்னார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“பிறகு? கொண்டுபோனவை அந்தப் பிரபுவை விட்டவையோ?” அம்மா கேட்டார்.

“ஓம். எட்டு வருஷம் உள்ள இருந்திட்டு வீட்டை வந்தவராம்.”

அம்மா கை கழுவினார். பிரிட்ஜைத் திறந்து மாலையை எடுத்துப்போய்ச் சாமியறையில் பிள்ளையாருக்குப் போட்டார்.

“ஐயரை வரவேண்டாமெண்டு சொல்லு.”

பிறகு படத்தின் முன்னால் வந்து நின்றார். அதன் கண்ணாடியில் முகம் பார்த்து, இத்தனை வருஷமும் ஒருநாள்கூட அழிக்காத குங்குமத்தைச் சரிசெய்தார்.