ரமோனா நின்ற இடம்

அந்த அர்ஜென்டினா மேய்ச்சல் வெளியில், விண்வெளித் துகள்களைப் பிடிக்க வைத்த தண்ணீர்த் தொட்டிகளுக்கெல்லாம் பெயர் உண்டு. ரமோனா என்ற தொட்டி, மாடுகள் உரசி உரசி விரிசல் விட்டதால், போன குளிர்காலத்தில் தொட்டிகளைப் பராமரிக்கும் கிரிசெல்டாவே அதை லாரியில் ஏற்றி அனுப்பினாள். ஆனால் இதுவரை கண்டதிலேயே வலிமையான துகள் வந்தபோது, ரமோனாவிலிருந்தும் பதிவு வந்திருந்தது.

அதைச் சேர்த்தால்தான் துகள் எங்கிருந்து கிளம்பியது என்ற கணக்கு நேரானது. மறுநாள் அறிவிப்பு. இயக்குநர் புருனெட்டி மீசைக்கு மை பூசி, கண்ணாடி முன் உரையை ஒத்திகையும் பார்த்துவிட்டார்.

"இல்லாத தொட்டி எப்படி டாக்டர் பேசும்?" என்றாள் கிரிசெல்டா.

"பேசியிருக்கே! சரியாவும் பேசியிருக்கு. உனக்கென்ன பொறாமை?"

"நாளைக்குப் பத்திரிகைக்காரங்க தொட்டியைக் காட்டுங்கன்னா, மீசையையா காட்டுவீங்க?"

ரமோனா நின்ற இடத்தைப் பார்த்துவிட, அவர் முறைத்தபடி ஜீப்பில் ஏறினார். கிரிசெல்டாவுக்குப் பொறாமையில்லை, ரமோனாவை நினைத்துப் பெற்றவளைப் போலப் பெருமையாகத்தான் இருந்தது.

அங்கே புல் முளைக்காத வட்டம் மட்டுமே இருந்தது. புருனெட்டி மெல்லத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். வட்டத்தின் விளிம்பில் ஒரு பசு, உடம்பின் முழுப் பாரத்தையும் வெறும் காற்றில் சாய்த்து, கண்கள் சொருக விலாவைத் தேய்த்துக்கொண்டிருந்தது.