மரபுப்படி இழுத்தல்

ஓர் ஆப்பிரிக்க நாட்டு நாடாளுமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகத் தேர்வான சபாநாயகர், பதவியே வேண்டாமென்று முரண்டு பிடிப்பதுபோல் நடிக்க வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் அவரைக் கைபிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைப்பார்கள். முதல் பெண் சபாநாயகரான நாமுகோலோ அம்மையாரோ, பெயரை அறிவித்ததுமே விடுவிடுவென்று போய் உட்கார்ந்துவிட்டார். “மரபை மீறிவிட்டார்!” என்று சபையே கத்தியது. சரி, மரபுதானே என்று இறங்கி வந்து, தன் பழைய இருக்கையில் சம்மணம் போட்டு அமர்ந்தார். எதிர்க்கட்சி உறுப்பினர் சிலுமேசியும் இன்னொருவரும் வியர்க்க விறுவிறுக்க இழுத்தார்கள். அம்மையார் அசையவில்லை.

“என்ன சிலுமேசி, போன தேர்தலில் மேடையிலிருந்து என்னை இழுத்துத் தள்ள நீ ஒருத்தனே போதுமாயிருந்தாயே?”